நீஸிலிருந்து மொனாக்கோ வரை அரை நாள் தனிச் சுற்றுலா: மூட்டுவலி உள்ள அம்மாவுடன் போகலாமா?

முரளி, கோவை

வணக்கம். அக்டோபர் இரண்டாம் வாரம் அலுவலக வேலையாகத் தெற்குப் பிரான்சுக்குப் போகிறேன். கூட்டங்கள் எல்லாம் சோஃபியா ஆன்டிபோலிஸில், தங்குவது நீஸ் நகரில். மனைவி, 71 வயது அம்மா, பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் மூவரும் கூட வருகிறார்கள். எனக்கு ஓய்வு என்று கிடைப்பது வியாழக்கிழமை அரை நாள்தான். காலையோ மதியமோ, நான் தேர்ந்துகொள்ளலாம்.

அந்த நேரத்தில் மத்தியதரைக் கடலோரமாகத் தனிக் காரில், வழிகாட்டியுடன் போய்வர யோசனை. ஒரு நிறுவனத்திடம் கேட்டேன். காருக்கு 480 யூரோ, நான்கு மணி நேரம் என்றார்கள். அனுப்பிய திட்டம்: நீஸ் கோட்டைக் குன்று, வில்ஃப்ரான்ஷ், காப் ஃபெரா, எஸ் கிராமம், அங்கேயே ஒரு வாசனைத் திரவிய ஆலை, லா துர்பி, மொனாக்கோ அரண்மனை, மான்டி கார்லோ, பிறகு ஓட்டல்.

அம்மா சமதரையில் அரை மணி நேரம் நடப்பார். படிக்கட்டு என்றால் பத்துப் படியோடு சரி. ஆங்கிலம் தெரியாது, முட்டைகூடச் சாப்பிட மாட்டார். மகனுக்கு ஃபார்முலா ஒன் பந்தயப் பாதையைப் பார்த்தால் போதும், மற்றதெல்லாம் அவனுக்குக் கல்லும் மண்ணும். மனைவி நிதானமாக ஓரிடத்தில் உட்கார வேண்டும் என்கிறாள். அம்மாவோ, "இராமேசுவரத்தில் பார்க்காத கடலா, இதற்கு எதற்குக் காசு?" என்கிறார்.

இந்தத் தொகை தகுமா? திட்டத்தில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம்? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

சுந்தரம், தஞ்சாவூர்

480 யூரோ என்றால் ஏறக்குறைய அரை லட்சம் ரூபாய். நான்கு மணி நேரத்துக்கா?

நானும் நண்பர்களும் போனபோது 607ஆம் எண் பஸ்ஸில்தான் போனோம். நீஸில் ஏறினால் வில்ஃப்ரான்ஷ், மொனாக்கோ எல்லாம் தாண்டி மாந்தோன் வரை கடலை ஒட்டியே போகிறது. டிக்கெட் சில யூரோதான். ரயிலில் போனால் மொனாக்கோ அரை மணிக்குள் வந்துவிடும். எஸ் கிராமத்துக்கு 82ஆம் எண் பஸ் தனியாக இருக்கிறது. வழிகாட்டி சொல்வதையெல்லாம் கைபேசியில் படித்துக்கொள்ளலாம். உங்கள் அம்மா சொல்வதே சரி.

மல்லிகா, நீஸ்

முரளி தம்பிக்கு,

நான் காரைக்காலில் பிறந்து, திருமணமாகி இங்கே வந்தவள். நீஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டலின் வரவேற்பில் வேலை. இந்தச் சுற்றுலாக் கார்களில் விருந்தினர்களை ஏற்றிவிடுவதும், திரும்பி வந்து இறங்கும்போது அவர்கள் முகத்தைப் பார்ப்பதும் என் அன்றாடம். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

சுந்தரம் ஐயா சொன்ன பஸ் நல்ல பஸ். ஆனால் கோடை முடிந்த பிறகும் அதில் உட்கார இடம் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. வளைவுக்கு வளைவு ஆடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலையை 71 வயது மூட்டுக்குக் கொடுக்க வேண்டாம். ஆகவே கார் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திட்டத்தை மட்டும் அப்படியே ஏற்காதீர்கள். நான்கு மணி நேரம் என்பது ஓட்டல் வாசலில் தொடங்கி ஓட்டல் வாசலில் முடிகிற கணக்கு. ஓட்டத்துக்கே ஒன்றரை மணி நேரம் போய்விடும். மிச்சத்தை எட்டு இடங்களுக்குப் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம்கூடத் தேறாது. அதிலும் அம்மா இறங்கி ஏறுகிற நேரத்தைக் கழிக்க வேண்டும். பந்தி பெரிதாக இருக்கிறதே தவிர, இலையில் உட்கார நேரமில்லை.

இந்தக் கரையின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் எதை விடுவது என்று உங்களுக்கே விளங்கும். நீஸுக்கும் மொனாக்கோவுக்கும் நடுவில் மலை சரிந்து நேராகக் கடலில் இறங்குகிறது. அதன் விலாவில் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று சாலைகள் ஓடுகின்றன. கோர்னிஷ் என்பார்கள். கீழ்ச்சாலையில் அந்த 607 போகிறது, ரயிலும் அதை ஒட்டித்தான். நடுச்சாலை 1928இல் முடிந்தது, எஸ் கிராமம் அதில் இருக்கிறது. மேல்சாலை நெப்போலியன் காலத்தது. பழைய ரோமானியப் பாதையை ஏறக்குறையத் தழுவி 1806இல் போடத் தொடங்கினார்கள். சில இடங்களில் கடல் மட்டத்துக்கு 500 மீட்டருக்கு மேலே போகிறது. அங்கிருந்து பார்க்கும்போது கீழே கப்பல் போவது தெரியும், சத்தம் கேட்காது. காப் ஃபெரா தீபகற்பம் முழுவதும் ஒரே பார்வைக்குள் அடங்கிவிடும்.

480 யூரோ கொடுப்பது அந்த மேல்சாலைக்காக இருக்கட்டும். கீழே உள்ளவற்றுக்கு ரயில் இருக்கிறது.

கோட்டைக் குன்றைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கடற்கரை நடைபாதையின் கிழக்கு முனையில் இலவச லிஃப்ட் இருக்கிறது. நீங்கள் கூட்டத்தில் இருக்கும் ஏதாவது ஒரு காலையில் அம்மாவும் உங்கள் மனைவியும் அவர்களாகவே போய்வரலாம். கோட்டை என்று தேடாதீர்கள். 1706இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி இடித்துப்போட்டார். பார்க்க வேண்டியது அங்கிருந்து தெரியும் வளைகுடாவைத்தான். நண்பகலில் குன்றின் மேல் ஒரு வெடி போடுவார்கள், தினமும் சரியாகப் பன்னிரண்டுக்கு. 19ஆம் நூற்றாண்டில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் தொடங்கிவைத்த வழக்கம், சாப்பாட்டு நேரத்தை ஞாபகப்படுத்த. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எஸ் கிராமத்தையும் விடச் சொல்வேன், வருத்தத்தோடு. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கார் அடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் கல் பாவிய சந்துகளும் படிகளும்தான். உச்சியில், ஏறக்குறைய 429 மீட்டர் உயரத்தில், இடிந்த கோட்டையைச் சுற்றி ஒரு தோட்டம் வைத்திருக்கிறார்கள். கள்ளியையும் கற்றாழையையும் பார்க்க மூட்டைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. நடுச்சாலையில் கிராமத்துக்குச் சற்று முன்னால் நின்று பார்த்தால், படங்களில் வருகிற அந்தக் காட்சி அப்படியே கிடைக்கும். ஐந்து நிமிடம் போதும்.

வாசனைத் திரவிய ஆலை சுற்றிப் பார்க்க இலவசம். சுற்று முடிகிற இடம் கடை. முக்கால் மணி நேரம் எங்கே போனது என்றே தெரியாது. உங்கள் மனைவிக்கு விருப்பமில்லை என்றால் இப்போதே எழுதி நீக்கச் சொல்லுங்கள். காரில் ஏறிய பிறகு மறுத்துப் பேசுவது நம்மவர்களுக்கு வராது.

லா துர்பியை விடாதீர்கள். திட்டத்தில் ஊர்ப்பெயராக ஒரு சொல்லில் போய்விட்டது, இருப்பதிலேயே சிறந்த இடம் அதுதான். ஆல்ப்ஸ் மலைக்குடிகளை ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் அடக்கியதற்காகக் கி.மு. 6ஆம் ஆண்டு வாக்கில் எழுப்பிய வெற்றிச் சின்னம் அங்கே நிற்கிறது. தோற்ற 45 குடிகளின் பெயரையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வென்றவர் பெயர் எல்லா ஊர்க் கல்வெட்டிலும் இருக்கும், தோற்றவர்களை இப்படி வரிசையாக எழுதி வைத்தது எனக்கு எப்போது பார்த்தாலும் உறுத்தும். முதலில் 50 மீட்டர் அளவுக்கு உயர்ந்திருந்தது, இப்போது 35 மீட்டர். கார் ஊருக்குள் வரும், பிறகு சிறிய ஏற்றம். அம்மா மெதுவாக வரட்டும், சின்னத்தின் மேலே ஏற வேண்டியதில்லை. அதைச் சுற்றியுள்ள தோட்டத்தின் விளிம்பிலிருந்து மொனாக்கோ மொத்தமும் காலடியில் தெரியும். அரண்மனைப் பாறை, துறைமுகம், பையன் தேடுகிற பந்தயச் சாலை எல்லாம். இரண்டு சதுர கிலோமீட்டர் நாடு என்பதை அங்கே நின்றால்தான் நம்ப முடியும்.

இன்னொன்று, மதியம் போங்கள். காலையில் சூரியன் இத்தாலிப் பக்கம் இருக்கும். நீங்கள் கிழக்கு நோக்கிப் போகும்போது கண்ணைக் கூசும், கடல் வெளிறித் தெரியும். மதியத்துக்குப் பிறகு முதுகுப் பக்கம் வெயில், நீர் நீலமாக இருக்கும். அரண்மனைக் காவலர் மாறும் சடங்கு 11.55க்கு. அதைத் தவறவிடுவீர்கள், பரவாயில்லை. போகும்போது கடல் வலப்பக்கம். அம்மாவைப் பின் இருக்கையில் வலது ஜன்னலோரம் உட்கார வையுங்கள். பையன் அந்த இடத்தைக் கேட்பான், கொடுக்காதீர்கள்.

கலா, பினாங்கு

மல்லிகா அக்கா சொல்வதற்கு நானே சாட்சி. நாங்கள் போன ஆண்டு தனிக் கார் எடுக்காமல், எட்டுப் பேர் சேர்ந்து போகும் வேனில் இடம் வாங்கினோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஆலையில் ஐம்பது நிமிடம் நின்றோம், அரண்மனைச் சதுக்கத்தில் பதினைந்து நிமிடம். கேட்டால் "அட்டவணை" என்றார் ஓட்டுநர்.

அதைவிட என்னை வருத்தியது வேறு. என் மாமியாருக்கும் ஆங்கிலம் தெரியாது. வழிகாட்டி ஒன்றைச் சொல்லி முடித்ததும் நான் தமிழில் சொல்லத் தொடங்குவேன். அதற்குள் அவர் அடுத்ததற்குப் போய்விடுவார், முன் இருக்கையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பாதியில் நிறுத்திவிட்டேன். மாமியார் மீதி வழியெல்லாம் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். தனி வண்டி என்றால் "ஒரு நிமிடம் பொறுங்கள்" என்று சொல்லலாம் அல்லவா? அந்த ஒன்றுக்காகவே நான் அடுத்த முறை காசு கொடுப்பேன்.

முரளி, கோவை

மல்லிகா அக்கா, கலா, இருவருக்கும் மிக்க நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். வெடியைக் கேட்க வேண்டும் என்கிறார்.

மதியம் என்று முடிவு செய்துவிட்டோம். மூன்று சந்தேகங்கள். வருபவர் வழிகாட்டியா, வெறும் ஓட்டுநரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மொனாக்கோவில் அம்மாவுக்கு ஏற்றபடி என்ன செய்யலாம், அங்கே ஒரே மேடும் பள்ளமும் என்கிறார்களே? சாப்பாடு? அப்புறம் மொனாக்கோவுக்குத் தனி விசா வேண்டுமா?

சுந்தரம், தஞ்சாவூர்

மூன்று என்று நான்கு கேட்கிறீர்கள்! விசா நான் சொல்கிறேன். ஷெங்கன் விசாவே போதும், எல்லையில் யாரும் நிறுத்துவதில்லை. பாஸ்போர்ட் மட்டும் கையில் இருக்கட்டும்.

அம்மாவுக்குக் கார் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வில்ஃப்ரான்ஷுக்குக் காசு கொடுத்துக் காரில் போகாதீர்கள். ரயிலில் ஏறி உட்காருவதற்குள் வந்துவிடும். நிலையமே கடற்கரைக்கு மேல்தான் இருக்கிறது. மீனவர்களின் சிறு தேவாலயம் ஒன்றுக்குப் பிரெஞ்சுக் கவிஞரும் ஓவியருமான ழான் காக்தோ 1957இல் உள்ளே முழுவதும் ஓவியம் தீட்டியிருக்கிறார். வீடுகளுக்கு அடியில் ஓடும் பழங்காலத்து இருட்டுத் தெரு ஒன்றும் உண்டு. உங்கள் மனைவி கேட்ட நிதானமான உட்காரும் இடம் அந்தத் துறைமுகக் கரைதான்.

மல்லிகா, நீஸ்

சுந்தரம் ஐயா சொன்ன ரயில் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வில்ஃப்ரான்ஷ் வளைகுடாவை வியாழக்கிழமை மேலிருந்து பார்த்துவிடுவீர்கள், இறங்கி உட்காருவதை வேறு நாளில் வைத்துக்கொள்ளலாம். நிலையத்திலிருந்து இறங்கப் படிகள் உண்டு, அம்மாவிடம் கேட்டுக்கொண்டு கூட்டிப்போங்கள்.

வழிகாட்டி விஷயம். இங்கே இரண்டு வகை. அரசு அட்டை பெற்ற வழிகாட்டிகளை "கிட் கான்ஃபெரான்சியே" என்பார்கள், படித்துத் தகுதி பெற்றவர்கள். மற்றவர்கள் வாடகைக் கார் உரிமம் வைத்திருக்கும் ஓட்டுநர்கள், கண்ணாடியில் சிவப்பு ஒட்டுவில்லை இருக்கும். இவர்கள் வண்டியில் கதை சொல்லலாம், அருங்காட்சியகத்துக்குள்ளும் நினைவுச்சின்னத்துக்குள்ளும் நின்று விளக்கக் கூடாது. நீங்கள் பேசியிருக்கும் தொகைக்குப் பெரும்பாலும் ஓட்டுநர்தான் வருவார். உங்களுக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம். நல்ல ஓட்டுநர் எங்கே நிறுத்த இடம் கிடைக்கும் என்று அறிந்தவர். அந்தச் சாலையில் அது பெரிய அறிவு. யார் வருகிறார் என்பதை மட்டும் எழுத்தில் கேட்டுவிடுங்கள், வழிகாட்டிக்கான விலையை ஓட்டுநருக்குக் கொடுக்காமல் இருக்க.

நிறுவனத்துக்கு இப்படி எழுதுங்கள்: "மதியம் 1.30க்குப் புறப்பாடு. நடுச்சாலையில் வில்ஃப்ரான்ஷ் வளைகுடா தெரியும் இடத்தில் ஒரு நிறுத்தம், எஸ் கிராமம் தெரியும் இடத்தில் ஒரு நிறுத்தம், ஊருக்குள் ஏற வேண்டாம். அங்கிருந்து மேல்சாலைக்கு ஏறி, லா துர்பியில் ஒரு மணி நேரம். பிறகு மொனாக்கோ. ஆலை வேண்டாம், கடை வேண்டாம். 5.30க்கு எங்களை மொனாக்கோவிலேயே இறக்கிவிடலாம்." கடைசி வரியைப் பார்த்து அவர்களே மகிழ்வார்கள். மொனாக்கோவில் வேலைபார்க்கும் ஆயிரக்கணக்கானோர் மாலையில் பிரான்சுக்குத் திரும்புகிறார்கள். உங்கள் நான்கு மணி நேரத்தில் ஒரு பெரும்பங்கை அந்த நெரிசலில் கொடுப்பானேன்? நீங்கள் ரயிலில் திரும்புங்கள். ஆனால் ஆறரை வரை ரயிலும் நிரம்பி வழியும், ஏழு மணிக்கு மேல் ஏறினால் அம்மாவுக்கு இருக்கை கிடைக்கும். நிலையம் பாறையைக் குடைந்து கட்டியது, உள்ளே லிஃப்ட் இருக்கிறது.

லா துர்பியிலிருந்து மொனாக்கோவுக்கு இறங்கும் வளைவு ஒன்றில் 1982இல் மொனாக்கோ இளவரசி கிரேஸ் கெல்லியின் கார் கவிழ்ந்தது. எந்த ஓட்டுநரும் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. நிறுத்திப் படம் எடுக்கக் கேட்காதீர்கள், அங்கே ஒதுங்க இடமில்லை.

மொனாக்கோ மேடு பள்ளம்தான். ஆனால் தெருவுக்குத் தெரு பொது லிஃப்ட்டும் நகரும் படியும் வைத்திருக்கிறார்கள், காசில்லை. அரண்மனை இருக்கும் பாறைமேல் வெளியூர்க் கார்களை விடுவதில்லை. நீஸ் அடங்கிய மாவட்டத்தின் 06 பதிவெண் இருந்தால் விடுவார்கள், உங்கள் வண்டிக்கு அது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் மீனவர் நிறுத்தகத்தில் விட்டுவிட்டு லிஃப்ட்டில் மேலே வரலாம்.

பையனுக்குத் தனியாக ஒன்றும் ஏற்பாடு செய்ய வேண்டாம். பந்தயப் பாதை என்பது ஊர்ச் சாலைதான், 3.337 கிலோமீட்டர். ஓட்டுநரிடம் சொன்னால் கேசினோ சதுக்கம், கொண்டை ஊசி வளைவு, சுரங்கப்பாதை, துறைமுகம் என்று அதே வரிசையில் ஓட்டிக் காட்டுவார், பந்தய வேகத்தில் அல்ல. பையன் சலித்துக்கொள்வான். துறைமுகத்தருகே இளவரசரின் கார்களை வைத்திருக்கும் காட்சிக்கூடம் இருக்கிறது, அங்கே சமாதானமாகிவிடுவான். கேசினோவின் சூதாட்ட அறைகளில் 18 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. மொனாக்கோ குடிமக்களுக்கும் இல்லை, அதைச் சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்கும்.

சாப்பாடு: வியாழக்கிழமை காலை குர் சலேயா சந்தை நடக்கும். அங்கே சொக்கா வாங்கிக் கொடுங்கள். கடலை மாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு, வேறெதுவும் இல்லை. பெரிய செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் வைத்து, ஓரம் கருகக் கருக எடுத்து, சுரண்டிக் கொடுப்பார்கள். மிளகைத் தாராளமாகத் தூவச் சொல்லுங்கள். ஆறினால் வாயில் வைக்க முடியாது, நின்றபடியே சாப்பிட வேண்டும். பக்கத்திலேயே பிஸலாதியேர் என்று வெங்காயம் பரப்பிய ரொட்டி இருக்கும். சைவம் போலத் தெரியும், நெத்திலி வகை மீன் சேர்ப்பார்கள். மொனாக்கோவில் பார்பாஜுவான் என்று கீரை வைத்துப் பொரிப்பார்கள். பாலாடைக்கட்டி இருக்கும், முட்டை சேர்ப்பதும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

முரளி, கோவை

அக்கா, நீங்கள் சொன்னபடியே எழுதி அனுப்பினேன். ஒப்புக்கொண்டார்கள். ஒரு வழிக்குத்தான் என்பதால் தொகையை 420 ஆகக் குறைத்தார்கள், 06 பதிவெண்தானாம். வருபவர் ஓட்டுநர்தான், அட்டை பெற்ற வழிகாட்டி வேண்டுமென்றால் கூடுதல் என்றார்கள். ஓட்டுநரே போதும் என்றேன்.

மழை வந்தால்?

மல்லிகா, நீஸ்

நல்ல கேள்வி. அக்டோபர், நவம்பர் இங்கே மழை மாதங்கள். வந்தால் கொட்டும். அன்று மேல்சாலை மேகத்துக்குள் இருக்கும், லா துர்பியில் பத்தடி தூரம் தெரியாது. புதன் இரவே வானிலை பாருங்கள். மழை என்றால் ஓட்டுநரிடம் சொல்லிக் கீழ்ச்சாலையில் நேராக மொனாக்கோ போய், கடலியல் அருங்காட்சியக வாசலில் இறங்கிக்கொள்ளுங்கள். 1910இல் முதலாம் ஆல்பர்ட் இளவரசர் திறந்தது, பாறையின் செங்குத்துச் சுவரிலேயே கட்டியது. கீழ்த்தளத்தில் மீன்தொட்டிகள், உள்ளே லிஃப்ட் உண்டு. அம்மாவுக்கும் பையனுக்கும் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது.

எத்தனை மணி நேரம் முன்பு சொன்னால் பணம் திரும்பும் என்பதையும் இப்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள். வியாழன் காலையில் கேட்டால் பதில் வராது.